பயண கிரெடிட் கார்டா? புள்ளிகளை ரூபாயாக்கிப் பாருங்கள்

இரண்டு பயண கிரெடிட் கார்டுகளை ஒப்பிடும்போது, செலவுக்கேற்ப கார்டு தரும் புள்ளிகளை எண்ணாமல், உங்கள் ஓராண்டுச் செலவுக்கு டிக்கெட்டில் எத்தனை ரூபாய் குறையும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஆண்டுக் கட்டணத்தையும் அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியையும் கழித்துவிடுங்கள். நூறு ரூபாய்க்கு 4 புள்ளிகள் தந்தாலும், ஒரு புள்ளி 25 பைசாதான் என்றால் கிடைப்பது ஒரு ரூபாயே. 2 புள்ளிகள் மட்டும் தந்து, ஒவ்வொன்றையும் ஒரு ரூபாயாக மதிக்கும் கார்டில் அதைப்போல இரு மடங்கு கிடைக்கும். பெட்ரோலுக்கும் வாலட்டில் பணம் ஏற்றுவதற்கும் பெரும்பாலும் புள்ளிகள் கிடையாது என்பதால் அந்தச் செலவைச் சேர்க்க வேண்டாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சென்று அடிக்கடி விமானம் ஏறுபவருக்கு விமானப் புள்ளிகள் பயன்படும். ஏசி வகுப்புக்கு மட்டும் கூடுதல் புள்ளிகள் தரும் ரயில் கார்டு, தருமபுரியில் ஸ்லீப்பர் ஏறுபவருக்கு உதவாது. மாதாமாதம் முழுத் தொகையையும் செலுத்தாதவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, ஏனெனில் மாதம் 3 சதவீதத்தையும் தாண்டக்கூடிய வட்டி எல்லாப் புள்ளிகளையும் விழுங்கிவிடும்.