தலைக்கோட்டைப் போரை மொட்டை மாடியில் நடத்துவது எப்படி?

பாடப் புத்தகத்தில் இந்தப் போர் சில வரிகளில் முடிந்துவிடும். பிள்ளைகளும் "1565, விஜயநகரம் தோற்றது" என்று எழுதிவிட்டு விளையாடக் கிளம்பிவிடுவார்கள். தண்டையார்பேட்டையில் டியூஷன் எடுக்கும் நான் இதை மாடியில்தான் நடத்துகிறேன். கோலமாவு, கேரம் காய்கள், கொஞ்சம் சில்லறை போதும். கடல்காற்று பலமாக அடித்தால் மாவுக்குப் பதில் சாக்பீஸ்.

மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கோடு போடுங்கள், அது கிருஷ்ணா நதி. வடக்கே தக்காண சுல்தான்களுக்கு நாலு கறுப்புக் காய்: பீஜப்பூர், அகமதுநகர், கோல்கொண்டா, பீதர். தெற்கே மூன்று வெள்ளை: விஜயநகர ஆட்சியை உண்மையில் நடத்திய ராமராயர், அவர் தம்பிகள் திருமலை, வெங்கடாத்ரி. அரசர் சதாசிவராயர் பெயருக்குத்தான் அரசர். சிவப்புக் காயை அவருக்குக் கொடுத்து ஓரமாக வையுங்கள்.

உடனே சண்டைக்குப் போகாதீர்கள். கோல்கொண்டாவின் இப்ராகிம் குதுப் ஷா பட்டத்துக்கு வருமுன் ஏழு வருடம் விஜயநகரத்தில் தஞ்சம் இருந்தவர். பீஜப்பூரின் அலி அடில் ஷா, ராமராயரோடு சேர்ந்து அகமதுநகர் மேலேயே படையெடுத்தவர். இந்தக் காய்களைத் தெற்கே கொண்டுவந்து, திரும்ப வடக்கே நகர்த்திக் காட்டுங்கள். "இது மதச் சண்டையா மிஸ்?" என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்வார்கள். என் பாதி நேரம் இங்கேதான் போகும். அப்புறம் கல்யாணம். அகமதுநகரின் உசேன் நிஜாம் ஷா தன் மகள் சாந்த் பீபியை அலிக்குக் கட்டிக்கொடுத்தார், சீதனம் சோலாப்பூர் கோட்டை. "கோட்டையா!" என்று வாயைப் பிளப்பார்கள்.

இப்போது சண்டை. ஆற்றுத் துறையை வெள்ளைக் காய்கள் மறிக்கட்டும். கறுப்பு கரையோரமாக நகர, எதிர்க்கரையில் வெள்ளையும் கூடவே போகும். சட்டென்று கறுப்பைத் திருப்பி, இப்போது காவல் இல்லாத அந்த முதல் துறையிலேயே கடக்கவிடுங்கள். நடுவில் ராமராயருக்கு எதிரே உசேன். அவருடைய பீரங்கிகளில் செப்புக் காசு மூட்டைகளைத் திணித்துச் சுட்டதாகப் பாரசீக மொழி வரலாற்றாசிரியர் பெரிஷ்தா எழுதுகிறார். சில்லறையை வாரி இறைக்க ஒரு பையனை விடுங்கள், பொறுக்கி எண்ணித் தரும் பொறுப்பும் அவனுக்கே. 1565 ஜனவரி 23 அன்று ராமராயர் பிடிபட்டார், தலை வெட்டப்பட்டது. அந்தக் காயை எடுத்ததும் மற்ற வெள்ளைகள் சிதறட்டும்.

இதோடு மாடியை விட்டு இறக்கிவிடாதீர்கள். திருமலையைப் பெனுகொண்டாவுக்கு நகர்த்துங்கள், தலைநகரம் பிற்பாடு சந்திரகிரிக்குப் போகும். அந்த வம்சத்துக்குக் கீழிருந்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர்தான் 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நம் ஊரில் இடம் கொடுத்தவர். மாடியில் போட்ட வரைபடத்தில் நம் ஊர் தென்கிழக்கு மூலையில் வரும். அங்கே ஜார்ஜ் கோட்டை வரைய ஒரு கைப்பிடி மாவு மிச்சம் வையுங்கள்.