புது டிஸ்க் போட்டும் ஸ்டியரிங் உதறுகிறதா? எஸ்யூவி பிரேக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. பட்டறைக்குப் போனால், "டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றியதும் உதறல் நின்றுவிடுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே உதறல் திரும்பி வருகிறது. இந்த முறை பழி உதிரிபாகக் கடைக்காரர் மேல் விழுகிறது: "டூப்ளிகேட் குடுத்துட்டாரு." உண்மையில் பெரும்பாலான நேரங்களில் கோளாறு டிஸ்க்கை மாட்டிய விதத்தில்தான் இருக்கிறது.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, வார்ப்பிரும்பில் செய்யப்படுவது. அன்றாட ஓட்டத்தில் வரும் சூட்டுக்கு அது அப்பளம்போல வளைந்துவிடாது. நடப்பது வேறு. பழைய டிஸ்க்கைக் கழற்றியதும், டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் செதில் செதிலாகத் துரு இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க்கை மாட்டினால், ஒரு பக்கம் மட்டும் மயிரிழை தூக்கலாக உட்காரும். ஹப்பில் அந்தத் தூக்கல் சிறிது என்றாலும் டிஸ்க்கின் வெளிவிளிம்பில் அது பெரிதாகத் தெரியும். சக்கரம் சுற்றும்போது விளிம்பு உள்ளும் வெளியுமாக அலையும். நீங்கள் பிரேக்கை மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடை (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டையை) லேசாக உரசிக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி உரசினால் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். தடிமனில் 0.02 மி.மீ. அளவுக்கு வித்தியாசம் வந்தாலே போதும், உதறல் கையில் தெரிய ஆரம்பிக்கும். புது டிஸ்க் முதலில் நன்றாக இருந்து பிறகு ஆட ஆரம்பிப்பதன் ரகசியம் இதுதான். டிஸ்க்கை மட்டும் மறுபடி மாற்றினால் அதே கதைதான் முதலிலிருந்து தொடங்கும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்வது

அலாய் வீலின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் வெளிமுகம் மட்டும்தான் தெரியும். குடும்ப எஸ்யூவிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள மிதவைக் காலிபர்; பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம் இது, பின்களின் மேல் நகரும். அதன் பின்கள் இறுகிப்போனால் பிஸ்டன் பக்கத்து உள்பேடும் டிஸ்க்கின் உள்முகமும் சீக்கிரம் தேயும். வெளியே கண்ணாடி மாதிரி இருக்கும் டிஸ்க்கின் உள்பக்கம் பள்ளம் பள்ளமாகப் போயிருக்கலாம். அதனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காத பரிசோதனை கணக்கில் வராது.

அளப்பதிலும் ஒரு தவறு வழக்கமாகவே நடக்கிறது. பேட் தொடாத வெளிவிளிம்பில் தேயாத ஓர் உதடு நின்றுவிடும். சாதாரண வெர்னியரின் தாடை அந்த உதட்டில்தான் உட்காரும்; அளவு கூடுதலாகக் காட்டும். மைக்ரோமீட்டரை எடுத்து, விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்க வேண்டும். எட்டில் மிகக் குறைந்த அளவைத்தான் டிஸ்க்கின் தடிமனாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசம் உதறலுக்கான காரணத்தைச் சொல்லிவிடும்.

எந்த அளவு வரை ஓட்டலாம் என்பது டிஸ்க்கிலேயே, நடுக்கிண்ணத்திலோ விளிம்பிலோ, 'MIN TH' (குறைந்தபட்சத் தடிமன்) என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். முன் டிஸ்க் பெரும்பாலும் நடுவே காற்றுவழி உள்ளதாக இருக்கும். இந்த வகை வண்டிகளில் புதிதில் 22 முதல் 28 மி.மீ. வரை வரும், கடைசி வரம்பு அதிலிருந்து ஏறக்குறைய 2 மி.மீ. குறைவு. இந்த வரம்பு தூக்கிப் போடும் அளவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வரம்பு 24 என்றால், 24.3 இருக்கும் டிஸ்க்கில் புது பேட் போடுவது வீண். பேட் பாதி தேய்வதற்குள் டிஸ்க் வரம்புக்குக் கீழே போய்விடும். பேட் மாற்றும் நேரத்தில் அரை மி.மீ.க்கும் குறைவாக மிச்சம் இருந்தால் டிஸ்க்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

மழையில் நின்ற வண்டியில் காலையில் தெரியும் செம்பழுப்புத் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். மெல்லிய வெப்பக் கீறல்களுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் விளிம்பு வரை ஓடிய விரிசல் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த டிஸ்க் அன்றைக்கே கழற்றப்பட வேண்டும். நீலம் பாய்ந்த திட்டுகள் சூட்டில் இரும்பு இறுகிப்போன இடங்கள். லேத்தில் கடைந்தாலும் அந்தக் கடினம் உள்ளே இருக்கும். மறுபடி மேடாகக் கிளம்பும்.

லேத் பற்றிக் கேட்பவர்களுக்கு: கடைந்து முடித்த பிறகும் வரம்புக்கு மேலே போதிய அளவு மிச்சம் இருந்தால் மட்டும் கடையலாம். முன்னிரண்டும் ஒரே அளவாக வர வேண்டும். இப்போது டிஸ்க் விலைக்கும் கடைசல் கூலிக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால், பாதி தேய்ந்த டிஸ்க்கைக் கடைவதில் பெரிய லாபம் இல்லை.

மாட்டும்போது நடப்பவை

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். ஒரு அச்சில் இரண்டு டிஸ்க்கும் நாலு பேடும் ஒன்றாகவே மாற வேண்டும். பழைய பேடின் முகம் பழைய டிஸ்க்கின் பள்ளங்களுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். புது டிஸ்க்கில் அது முழுதாகப் படியாது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எதிர்ச் சக்கரத்துக்கு அடைகொடுத்து, ஜாக்கி ஸ்டாண்டில் இறக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். காலிபரைக் கழற்றியதும் பிரேக் ஹோஸில் தொங்க விடக் கூடாது. ஹோஸின் உள்ளடுக்கு கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு பிரேக் பிடித்தபடியே நிற்கும், அல்லது ஒரு பக்கம் இழுக்கும். ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டால் போதும். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூ இறுகியிருந்தால் இம்பாக்ட் டிரைவரால் தட்டித் திருப்புங்கள். டிஸ்க் வர மறுத்தால் அதிலேயே உள்ள மரை ஓட்டைகளில், பெரும்பாலும் 8 மி.மீ., போல்ட்டை மாறிமாறி இறுக்கினால் தானாக வெளியே தள்ளும். சுத்தியல் அடி வீல் பேரிங்குக்கு ஆகாது.

அடுத்து ஹப். வேலையின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. வயர் பிரஷ்ஷால் மையத்தையும், ஒவ்வொரு ஸ்டட்டின் (வீல் நட் ஏறும் மரைத்தண்டின்) அடியையும், பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். ஸ்டட் அடிவாரத்தில் நகக்கண் அழுக்கு அளவுக்குத் தங்கும் துருதான் மேலே சொன்ன அலைச்சலுக்கு மூலம். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் இரு முகத்திலும் துடைத்தெடுங்கள். டிஸ்க்கை வைத்து, வாஷர் போட்டு வீல் நட்டுகளைச் சுற்றிலும் சமமாக இறுக்கி, அலைச்சலை அளக்கும் டயல் கேஜை விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. கூடினால் மறுபடி கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஸ்குரூ ஓட்டை இடம் கொடுத்தால் டிஸ்க்கை அடுத்த ஸ்டட்டுக்குத் திருப்பி வைத்து அளந்து பாருங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைத்தான் பெரும்பாலான பட்டறைகள் விட்டுவிடுகின்றன.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும். பின்சக்கரத்தில் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் ஸ்கேனரால் சர்வீஸ் நிலைக்குப் போகாமல் பிஸ்டனை அழுத்தினால் மோட்டார் போய்விடும். அது சின்னச் செலவில்லை. காலிபர் பின்களுக்குச் சாதா கிரீஸ் ஆகாது. பெட்ரோலியம் கலந்த கிரீஸில் ரப்பர் பூட் உப்பி, பின் இறுகிவிடும். பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் போதும்.

கடைசியில் வீல் நட். ஏர் கன்னால் "டர்ர்" என்று இறுக்கினால் ஒரு நட்டுக்கும் அடுத்ததற்கும் இறுக்கம் மாறும். டிஸ்க்கின் நடுப்பகுதி கோணலாக அமுங்கும். நட்டைக் கையால் திருகி, நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இரண்டு தவணையில் இறுக்குங்கள். ஹூண்டாய், கியா எஸ்யூவிகளில் பொதுவாக 107 முதல் 127 நியூட்டன் மீட்டர். மற்ற வண்டிகளுக்குக் கையேட்டில் உள்ள அளவு. பஞ்சர் கடையில் கன் போட்டு இறுக்கிய பிறகும் வீட்டுக்கு வந்து தளர்த்தி இதே முறையில் இறுக்குவது மிகையான ஜாக்கிரதையில்லை.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். தள்ளிய பிஸ்டன் வெளியே வரும்வரை முதல் மிதிக்கு பிரேக் இருக்காது. வாசலிலேயே சுவரில் போய் இடித்தவர்கள் உண்டு.

முதல் நூறு கிலோமீட்டர்

காலியான சாலையில் 60லிருந்து 15 வரை, நிற்காமல், நடுத்தர அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை பிரேக் பிடியுங்கள். இடையிடையே அரைக் கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படிய இது வேண்டும். சூடான நிலையில் வண்டியை நிறுத்தி பெடலை மிதித்துப் பிடித்திருந்தால், பேடின் அச்சு அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும், அதுவும் உதறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்ததும் அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்துகிறவர்கள், இரண்டு கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாத மாதிரி மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்தலாம். அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றி வீலைக் கழுவுவது டிஸ்க்கில் விரிசலை விலைகொடுத்து வாங்குவது.

மலையிறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், அது டிஸ்க் சம்பந்தப்பட்டதில்லை. பிரேக் ஆயில் கொதிக்கிறது. டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்தக் குறைந்தபட்ச வரம்பு 155தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

வேலையை வெளியே கொடுக்கிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: நாலு சக்கரத்தின் டிஸ்க் தடிமனும் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும், கழற்றிய பழைய டிஸ்க்கும் கைக்கு வர வேண்டும். அதன் பின்புறத்தில், ஹப்போடு சேரும் வளையத்தைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி தடம் இருந்தால் டிஸ்க் நேராக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் துருத்திட்டும் எதிர்ப்பக்கம் பளபளப்புமாக இருந்தால், புது டிஸ்க்கை மாட்டுவதற்கு முன் ஹப்பைச் சுத்தம் செய்தார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.