கடலூர் வெயிலில் ஓவர்கிளாக்: வோல்டேஜையும் சூட்டையும் எங்கே நிறுத்துவது?

பிராசஸரை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அந்த வீடியோக்களில் "85 டிகிரிதான் வருது, பிரச்சினை இல்லை" என்று சொல்பவர் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் உட்கார்ந்திருப்பார். மே மாதம் திருப்பாதிரிப்புலியூரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை மதியத்தில் 36 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். பிராசஸரின் சூட்டை அறைக் காற்றில் கொண்டுபோய்த் தள்ளுவதுதான் கூலரின் வேலை. அறை 14 டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். அவருடைய 85 இங்கே 99.

அதனால் கடலூர், புதுச்சேரி வெயிலுக்கு ஏற்றபடி கணக்குப் போடுவோம். எடுத்துக்காட்டுக்கு ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸர், பி550 மதர்போர்டு, நடுத்தரமான ஒரு டவர் கூலர் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு பிராசஸர் என்றால் எண்கள் மாறும், வழி மாறாது.

உங்கள் சிஸ்டத்தில் முடியுமா?

இன்டெல் என்றால் பெயரில் எண்ணுக்குப் பின் 'கே' இருக்க வேண்டும், மதர்போர்டு 'இசட்' வரிசையாக இருக்க வேண்டும். ரைசனில் பெரும்பாலானவை திறந்தே வரும். ஆனால் ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது. 5800எக்ஸ்3டி வைத்திருப்பவர்கள் பெருக்கியை (100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை) தொடவே முடியாது. லேப்டாப் என்றால் இதோடு விட்டுவிடுங்கள். இன்னொன்று, ஓவர்கிளாக் செய்து பிராசஸர் கெட்டால் வாரண்டி கைகொடுக்காது. அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

படி 1: எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை கேபினெட் பக்கத்தில் வையுங்கள். வெப்பத்தையும் வோல்டேஜையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்துவிட்டு, பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23-ஐ அரை மணி நேரம் ஓட விடுங்கள். அறை வெப்பம், பிராசஸரின் உச்ச வெப்பம், லோடில் (முழு வேலையில்) இருக்கும்போது வோல்டேஜ், மதர்போர்டின் விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி) வெப்பம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். விஐடி என்று காட்டுவது பிராசஸர் கேட்கும் வோல்டேஜ். உண்மையில் போய்ச் சேருவது வேறு. 5600எக்ஸில் எஸ்விஐ2 டிஎஃப்என் என்று முடியும் கோர் வோல்டேஜ் வரியைப் பார்க்க வேண்டும். சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது அது 1.45 வரை எகிறுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒன்றிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போது ஓடும் கரண்ட் குறைவு, அதனால் பிராசஸர் தானாகவே அந்த அளவுக்குப் போய் வரும். அதே 1.45-ஐ நாம் நிரந்தரமாக வைத்து ஆறு கோரையும் முழு வேகத்தில் ஓட்டுவது முற்றிலும் வேறு கதை.

படி 2: வரம்பை முதலில் எழுதுங்கள், வேகத்தை அப்புறம் பார்க்கலாம்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 4.7 கிகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அது நிற்கும்வரை வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போவார்கள். வெப்பம் மீட்டரில் தெரியும், அதிகமானால் பிராசஸரே வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். வோல்டேஜ் செய்யும் சேதம் எந்த மீட்டரிலும் தெரியாது. அதிக கரண்டும் சூடும் சேரும்போது சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய கம்பிகளின் உலோக அணுக்கள் மெல்ல இடம் நகரும். இதை எலெக்ட்ரோமைக்ரேஷன் என்பார்கள். நேற்றுவரை 1.25-இல் நின்ற வேகத்துக்கு ஒரு நாள் 1.28 தேவைப்படும். அப்போதுதான் நமக்கே தெரியவரும்.

5600எக்ஸுக்கு நான் சொல்லும் எல்லை, எல்லா கோரும் லோடில் இருக்கும்போது 1.30 வோல்ட். இன்டெல் 12600கே போன்றவற்றுக்கு லோடில் 1.35. ஏர் கூலர் என்றால் அதற்கு முன்பே சூடு உங்களை நிறுத்திவிடும். 2011-இல் வந்த சேண்டி பிரிட்ஜுக்கு யாரோ 1.40 கொடுத்து வருஷக்கணக்கில் ஓட்டிய கதையை இங்கே கொண்டுவராதீர்கள். அது 32 நானோமீட்டர் சிப், இது 7.

வெப்பத்துக்கு வருவோம். 5600எக்ஸுக்கு ஏஎம்டி சொல்லும் உச்சம் 95 டிகிரி. 12600கே-க்கு இன்டெல் சொல்வது 100. உச்சத்திலேயே ஓட்ட வேண்டியதில்லை. 10 டிகிரியாவது மிச்சம் வையுங்கள். 5600எக்ஸ் என்றால் மே மாத மதியத்தில் 85. இப்போது ஜனவரியில் அறை 24 டிகிரி இருக்கும்போது சோதிக்கிறீர்களா? மே மாத அறை 36. வித்தியாசம் 12. ஆக இன்றைக்கு மீட்டர் 73-ஐத் தாண்டக்கூடாது. மார்கழிக் குளிரில் 82 வந்ததைப் பார்த்து மகிழ்ந்தவர்கள்தான் கத்திரி வெயிலில் கேம் நடுவே நீலத்திரை பார்க்கிறார்கள்.

படி 3: பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) கைவைப்பது

பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே திறக்காமல் போகலாம்.

ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை இப்போதைக்கு அணைத்து வையுங்கள், கோளாறு வந்தால் யாரால் என்று தெரிய வேண்டும். பெருக்கி 44, கோர் வோல்டேஜ் நிலையான 1.20 என்று கொடுங்கள். வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டுப் பெருக்கியை மட்டும் ஏற்றினால், சில போர்டுகள் பயந்துகொண்டு தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். லோடு ஏறும்போது வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோட்லைன் கேலிபரேஷன் என்று ஒன்று இருக்கும். நடு நிலையில் வையுங்கள். அதை உச்சத்தில் வைத்தால், லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் ஒரு துள்ளு துள்ளும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ அதைப் பிடிக்காது.

இப்படி நிலையான எண் கொடுத்துவிட்டால் 76 வாட்டில் நிறுத்தும் பிராசஸரின் சொந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போகிறது. காவல் இனி உங்கள் பொறுப்பு.

படி 4: ஏற்றுங்கள், சோதியுங்கள், நிறுத்துங்கள்

பெருக்கியை 0.25 வீதம் ஏற்றுங்கள், அதாவது 25 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு முறையும் சினிபெஞ்ச் 10 நிமிடம். ஹேங் ஆனாலோ, ஹெச்டபிள்யூஇன்ஃபோவின் அடியில் வியா பிழை (விண்டோஸ் பதியும் ஹார்டுவேர் பிழை) எண்ணிக்கை ஏறினாலோ, வோல்டேஜை 0.0125 கூட்டிப் பாருங்கள். 1.30 வந்ததா? நிறுத்துங்கள். அதற்கு முன்பே, 24 டிகிரி அறையில் 73 வந்ததா? அங்கேயே நிறுத்துங்கள்.

கடைசிச் சில படிகள் எவ்வளவு வீண் என்று ஒரு கணக்கு. மின்சாரச் செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 4.4 கிகாஹெர்ட்ஸ் 1.20 வோல்ட்டிலிருந்து 4.6 கிகாஹெர்ட்ஸ் 1.30 வோல்ட்டுக்குப் போனால் வேகம் 4.5 சதவீதம் கூடும், சூடு ஏறக்குறைய 23 சதவீதம் கூடும். அந்தச் சூடு முழுவதும் உங்கள் அறைக்குள்தான் வந்து விழும்.

பிறகு ஓசிசிடி என்ற சோதனை மென்பொருள் ஒரு மணி நேரம். பிரைம்95 என்ற மென்பொருளின் சிறிய எஃப்எஃப்டி சோதனை எந்த கேமும் ஏற்றாத அளவுக்குச் சூடேற்றும். அதில் மே மாதக் கணக்குப்படி 85-ஐக் கொஞ்சம் தாண்டினால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். விஆர்எம் 95-க்குக் கீழே இருக்கட்டும்.

சிஸ்டம் திறக்கவே இல்லையென்றால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டிலுள்ள வட்ட பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றி மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

புதிய பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு

ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில 2023-இல் கருகிப்போயின. அதன்பின் எஸ்ஓசி வோல்டேஜை (கோர் அல்லாத பகுதிக்குப் போவதை) 1.3-க்குள் கட்டிப்போடும் பயாஸை ஏஎம்டி கொண்டுவந்தது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் ஓவர்கிளாக் செய்யாத சிப்புகளே தளர்ந்தன, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கும் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் மென்பொருள்) 0எக்ஸ்129 ஆகஸ்ட் 2024-இல் வந்தது. இவை இருந்தால் முதல் வேலை பயாஸ் அப்டேட்.

கடலோரத்துக்கென்றே சில

தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி கூலர் தகடுகளில் அப்பிக்கொள்ளும். ஏப்ரலில் ஒரு முறை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள். கடைசிச் சோதனையை மே மாதத்தில், கடல்காற்று தாமதமாகும் ஒரு நாள் மதியம் செய்யுங்கள். ஐஸ் தண்ணீர், பெல்டியர் (மின்சாரத்தால் குளிரும் தகடு) யோசனைகள் வேண்டாம். இங்கே கோடையில் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே குளிரும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும், மதர்போர்டு உட்பட.

உண்மையில் கேம் மட்டும் ஆடுபவர் என்றால் நிலையான ஓவர்கிளாக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒற்றைக் கோர் வேகம் அதில் வீணாகிறது. பயாஸில் கர்வ் ஆப்டிமைசரைத் திறந்து எல்லா கோருக்கும் மைனஸ் 10 கொடுங்கள். ஒவ்வொரு எண்ணும் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்கும். நிலையாக இருந்தால் மைனஸ் 15, அப்புறம் 20. சூடு குறையும், அதனால் பூஸ்ட் (பிராசஸர் தானாக ஏற்றிக்கொள்ளும் வேகம்) அதிக நேரம் நிற்கும். லோடில் நன்றாக ஓடிவிட்டு, சும்மா கிடக்கும்போது ரீஸ்டார்ட் ஆனால் மைனஸ் அதிகம் என்று பொருள். ஐந்து எண் பின்வாங்குங்கள்.