பர்ஃபார்மன்ஸ் கார்: லீஸ் எடுக்கலாமா, சொந்தமாக வாங்கலாமா?

அமெரிக்காவில் இருக்கிறீர்கள், பிஎம்டபிள்யூ எம்3, போர்ஷே 911 என்று ஏதோ ஒரு காரில் மனம் போய்விட்டது. டீலர் மாதத் தவணையைப் பற்றியே பேசுவார். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள்.

முதலில் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: பேசி முடித்த விலை, லீஸ் முடியும்போது காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு அதாவது ரெசிடுவல், அப்புறம் மணி ஃபேக்டர், அதாவது லீஸுக்கான வட்டியைக் காட்டும் எண். மூன்றாவது எண் பெரும்பாலும் கேட்டால்தான் வாயிலிருந்து வரும்.

அடுத்து கணக்கு. விலை 80,000 டாலர், மூன்று ஆண்டு கழித்து ரெசிடுவல் 44,000 என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 36,000, மாதத்துக்கு 1,000. மணி ஃபேக்டர் 0.0025 என்றால், விலையையும் ரெசிடுவலையும் கூட்டி வரும் 1,24,000-ஐ அதால் பெருக்குங்கள்: 310. ஆக மாதம் 1,310, வரி தனி. 0.0025 பார்க்கத்தான் பொடி எண். 2,400-ஆல் பெருக்கினால் 6 சதவீத வட்டி. உங்கள் வங்கி கார் கடனுக்குக் கேட்கும் வட்டியை இதன் பக்கத்தில் எழுதுங்கள்.

தவணையைக் குறைக்க முன்பணம் கூடுதலாகக் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இரண்டாம் மாதமே விபத்தில் கார் முழுசாகப் போனால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது.

இனி, எப்படி ஓட்டுவீர்கள்? ஆண்டுக்கு 10,000 அல்லது 12,000 மைல் என்று வரம்பு இருக்கும். தாண்டினால் மைலுக்கு 25 சென்ட் என்றாலும், 8,000 மைல் கூடுதலுக்கு 2,000 டாலர். இந்தக் கார்களின் மென்மையான டயர் சீக்கிரம் தேயும். தேய்ந்த டயரோடு திருப்பிக் கொடுத்தால் புது செட்டின் செலவு உங்கள் தலையில். எக்ஸாஸ்ட் மாற்றுவது, ட்யூன் போடுவது, ரேஸ் டிராக்கில் ஓட்டுவது இதெல்லாம் ஆசை என்றால் லீஸ் பேச்சே வேண்டாம்.

கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதே மாடலில் மூன்று வயதான கார் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று தேடி, ரெசிடுவலோடு ஒப்பிடுங்கள். 911 விலை நிற்கும் கார், வாங்கிவிடலாம். போர்ஷேயின் டைகான் போன்ற மின்சாரக் கார்கள் மளமளவென்று இறங்குகின்றன. லீஸில் அந்த நஷ்டம் லீஸ் கம்பெனியின் பாடு. 2021–22இல் பழைய கார் விலை எகிறியபோது, ஒப்பந்தத்தில் இருந்த ரெசிடுவலுக்கே காரை வாங்கி லாபம் பார்த்தவர்களும் உண்டு. அப்படி வாங்கிக்கொள்ளும் உரிமை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.