மீட்டர் விளக்கு அணைந்தால் டிம்மரைச் சோதியுங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் என் பழைய கார் இருக்கை வரை நனைந்தது. அடுத்த கோடையில் ஸ்டியரிங்குக்கு முன்னால் வேகம் காட்டும் மீட்டரின் விளக்குகள் அணைந்தன. பட்டறையில் மீட்டர் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பல வண்டிகளில் பின்விளக்கும் மீட்டர் விளக்கும் ஒரே ஃபியூஸில் ஓடும். இரண்டுமே எரியாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பின்விளக்கு மட்டும் எரிந்தால், மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் குமிழை மெல்லத் திருப்புங்கள். என் வண்டியில் பாதி வழியில் ஒரு கணம் மினுக்கி அணைந்தது. கழற்றினால், தொடுமுனையில் பச்சைக் களிம்பு பாசிபோல் படிந்திருந்தது.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் உறுதி செய்யலாம். கறுப்பு முனையை வண்டியின் வெற்று உலோகத்தில் வையுங்கள். குமிழ் முழு வெளிச்சத்தில் இருக்க, டிம்மருக்குள் வரும் கம்பியில் 12 வோல்ட், வெளியேறும் கம்பியில் 0 என்றால் டிம்மர் போய்விட்டது. இரண்டிலும் 12 வந்தால் எர்த் கம்பியை வண்டியின் உலோகத்தோடு பிணைக்கும் திருகைத் தேடுங்கள். கடற்காற்றில் அதுதான் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

டிம்மரை விட்டுவிட்டு இரண்டு கம்பிகளையும் நேராக இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. மூன்று கம்பி உள்ள மின்னணு டிம்மரில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும்.

பழைய கார் உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகும்போது பழைய டிம்மரைக் கையோடு கொண்டுபோங்கள். பின்களின் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும்.