சின்ன உப்புநீர்த் தொட்டி: நீரோட்டமும் வடிகட்டலும்

உப்புநீர்த் தொட்டி வைக்கப் போகிறவர் முதலில் கேட்பது "எந்த ஃபில்டர் நல்லது?" என்றுதான். அழுக்கு அந்த ஃபில்டர் வரை எப்படி வந்து சேரும் என்று கேட்பவர் குறைவு. கல்லுக்குப் பின்னால் படிந்துகிடக்கும் கழிவை எந்த உசத்தியான ஃபில்டரும் எட்டிப் பிடிக்காது. அதோடு, ஃபில்டர் பிடித்துவைத்த அழுக்கு தொட்டியை விட்டுப் போய்விட்டதாக அர்த்தமில்லை. கையால் எடுத்துப் போடும்வரை அதே தண்ணீரில்தான் ஊறிக்கொண்டிருக்கும். ஓட்டம் அழுக்கைக் கொண்டுவர வேண்டும், ஃபில்டரில் வைத்த பஞ்சு அதைப் பிடிக்க வேண்டும், அது அழுகுவதற்குள் நீங்கள் எடுத்துவிட வேண்டும்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது 60 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரமுள்ள தொட்டி. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 78 லிட்டர். மேலே விடும் இடைவெளி, மணல், கல் எல்லாம் போக உள்ளே நிற்பது 60 லிட்டர் சொச்சம். பம்ப், உப்பு, மருந்து எதற்கும் இந்த 60-ஐத்தான் கணக்கில் வைக்க வேண்டும், பெட்டியில் அச்சடித்த அளவை அல்ல.

எவ்வளவு ஓட்டம் வேண்டும்

பம்ப் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதைத் தொட்டித் தண்ணீரின் அளவால் வகுத்தால் சுழற்சி எண் கிடைக்கும். மீன் மட்டும் என்றாலோ, மஷ்ரூம், ஜோவாந்தஸ் போன்ற மென்பவளங்கள் என்றாலோ 10 முதல் 20 மடங்கு போதும். அதாவது மணிக்கு 600 முதல் 1,200 லிட்டர். ஹேமர், டார்ச் போன்ற சதைப்பற்றுள்ள பவளங்களுக்கு 20 முதல் 30 மடங்கு. குச்சி குச்சியாக வளரும் ஆக்ரோபோரா வகைக்கு 40 மடங்குக்கு மேல் வேண்டும்; முதல் வருடத்தில் சின்னத் தொட்டியில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

இந்த எண்ணை நம்பி 1,600 லிட்டர் பம்ப் ஒன்றை வாங்கி மாட்டினால் ஒரு மூலையில் புயல், எதிர்மூலையில் குட்டை. தொட்டிக்குள்ளேயே ஒட்டும் சின்ன ஓட்டப் பம்பான பவர்ஹெட், 800 லிட்டரில் இரண்டு வாங்குங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், இரண்டு பக்கக் கண்ணாடியிலும் ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். நேருக்கு நேர் பார்க்க வைக்காமல், இரண்டு ஓட்டமும் முன்கண்ணாடியில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி மோதும்படி திருப்புங்கள். கண்ணாடியில் அடித்துச் சிதறும் தண்ணீர் பல திசையில் பிரிந்து போகும். பவளத்துக்கு வேண்டியது இப்படி மாறி மாறி வரும் ஓட்டம்தான். ஒரே பக்கம் குழாயடி போல அடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்துச் சதை எலும்பை விட்டு உரியும். ஹேமரின் விரல்கள் காற்றில் நெற்பயிர் போல ஆடி, திரும்ப நிமிர்ந்தால் ஓட்டம் சரி. ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தாலோ, பகலில் உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தாலோ பம்பைத் திருப்புங்கள்.

ஒரு பம்பையாவது நீர்மட்டத்தை நோக்கிச் சற்று மேலே சாய்த்து வைக்க வேண்டும். மேற்பரப்பு நெளிய வேண்டும், தெறிக்கக் கூடாது. 25 டிகிரி செல்சியஸில் கடல்நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன், நன்னீர் பிடிப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலே எண்ணெய்ப் படலம் மூடிக்கொண்டால் அந்தக் கொஞ்சமும் உள்ளே இறங்காது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் முகப்பைத்தான்.

கல் அடுக்கும்போதே பின்கண்ணாடியிலிருந்து 5 செ.மீ. விட்டு அடுக்குங்கள். சுவரோடு சுவராகச் சாய்த்து வைத்த கல்மலை பார்க்க அழகு. பின்னால் என்ன நடக்கிறது என்று ஆறு மாதம் கழித்து, கழிவு அழுகி உண்டாகும் நைட்ரேட்டின் அளவு சொல்லும். அடிக்கல்லை மணல்மேல் வைக்காமல் கண்ணாடியடியில் ஊன்றிவிட்டு மணலைச் சுற்றிக் கொட்டினால் மீன் தோண்டினாலும் சரியாது.

தேங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

ஒரு சிட்டிகை மீன் உணவை விரலால் நன்றாகப் பொடித்து, சின்னக் குவளையில் தொட்டித் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் ஊறவையுங்கள். ஊறாத பொடி மிதக்கும், சோதனைக்கு உதவாது. அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு, பக்கக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்தபடி, ஊறிய பொடியைச் சிரிஞ்சில் எடுத்துப் பம்பின் முன்னால் விடுங்கள். வெளிச்சத்தில் தூசி பறப்பதுபோல ஒவ்வொரு துகளும் தெரியும். பெரும்பாலான துகள்கள் இரண்டு மூன்று நிமிடம் சுற்றிவிட்டு ஃபில்டர் வாயில் காணாமல் போக வேண்டும். ஒரு கல்லிடுக்கில் இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டால் அதுதான் செத்த இடம். பம்பைப் பத்துப் பதினைந்து டிகிரி திருப்பி மறுபடி விட்டுப் பாருங்கள். முதல் வாரத்தில் ஒருமுறை, கல்லையோ பவளத்தையோ நகர்த்திய பிறகு ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம்.

செத்த இடத்தை அப்படியே விட்டால் அங்கே சிவப்பு அரக்கு நிறத்தில் வழவழவென்று ஒரு போர்வை படரும். பாசி போலத் தெரிந்தாலும் அது சயனோபாக்டீரியா. மருந்து ஊற்றினால் மறையும், காரணம் இருக்கும்வரை திரும்ப வரும். குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு ஓட்டத்தைத் திருப்புங்கள், உணவைக் குறையுங்கள்.

உண்மையான வடிகட்டி கல்தான்

60 லிட்டருக்கு 6 முதல் 8 கிலோ துளைகள் நிறைந்த கல் போதும். அதன் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் எட்டாத உட்துளைகளில் வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். இரண்டுக்கும் கல்லைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும். புதுத் தொட்டியில் அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குச் சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை மீன் விடாதீர்கள். பொதுவாக 4 முதல் 6 வாரம். அதுவரை பம்புகள் இரவு பகலாக ஓட வேண்டும்.

இந்த அளவுத் தொட்டிக்கு முதுகில் தொங்கும் ஹேங்-ஆன் ஃபில்டரே போதுமானது. அதோடு வரும் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டு, தண்ணீர் நுழையும் பக்கம் வெள்ளைப் பஞ்சு, அதற்கு அடுத்து வலைப்பையில் ஆக்டிவேட்டட் கார்பன் என்று வையுங்கள். வரிசை மாறினால் கார்பன் துளைகளில் அழுக்கு அடைந்து ஒரே வாரத்தில் பயனற்றுப் போகும். பஞ்சைத் திணிக்க வேண்டாம். அடைத்துக்கொண்டால் தண்ணீர் பஞ்சுக்குள் போகாமல் ஓரமாக வழிந்து போய்விடும். வெளியே பார்க்க எல்லாம் ஓடுவது போலவே இருக்கும்.

பஞ்சை 3 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரை "நைட்ரேட் தொழிற்சாலை" என்று திட்டுவதற்குக் காரணம் அந்தக் கருவி இல்லை, மூடியைத் திறக்க அலுப்புப்பட்டு இரண்டு மாதம் விட்டுவிடுவதுதான். கேனிஸ்டர் வைத்தே ஆக வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை திறந்து, மாற்றி எடுத்த உப்புநீரில் ஸ்பாஞ்சை அலசுங்கள்.

கார்பன் 60 லிட்டருக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி. ஆர்.ஓ. தண்ணீரில் கறுப்புத் தூள் நிற்கும்வரை கழுவிவிட்டுப் போடுங்கள், 3 அல்லது 4 வாரத்தில் மாற்றுங்கள். பாஸ்பேட் எடுக்கும் இரும்பு ஆக்சைடு மணிகளைச் சோதனை செய்யாமல் போடக் கூடாது. பாஸ்பேட் ஒரேயடியாக இறங்கினால் பவளம் வெளுத்துவிடும். தொடக்கத்தில், பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி மட்டும் போடுங்கள். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருந்தால் கைவைக்க வேண்டியதில்லை. பூஜ்யத்தைத் துரத்துவது வீண் வேலை.

ஸ்கிம்மர் வேண்டுமா

அழுக்கில் உள்ள புரதமும் கொழுப்பும் காற்றுக்குமிழியின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மர் லட்சக்கணக்கான நுண்குமிழிகளை விட்டு, அந்த நுரையை மேலே ஏற்றிக் கோப்பையில் கொட்டுகிறது. அழுகுவதற்கு முன்பே அழுக்கைத் தண்ணீரிலிருந்து வெளியேற்றும் கருவி இது. ஆனாலும் 60 லிட்டரில் இரண்டு சின்ன மீன் மட்டும் என்றால், வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவதே அந்த வேலையைச் செய்துவிடும். மாட்டினால் முதல் ஒரு வாரம் நுரை சரியாக வராது, திருகிக்கொண்டே இருக்காதீர்கள். கழுத்தில் அழுக்கு படிந்தாலும் நுரை ஏறாது, ஆகவே வாரம் இருமுறை துடையுங்கள். எண்ணெய் கலந்த உணவோ, கையில் இருக்கும் க்ரீமோ பட்டால் நுரை சில மணி நேரம் அடங்கிவிடும், பிறகு தானாகத் திரும்பும்.

சம்ப் வைத்தால்

தொட்டிக்குக் கீழே சம்ப், அதாவது தண்ணீர் இறங்கி வடிகட்டப்பட்டு மேலேறும் இரண்டாவது தொட்டி, வைத்தவர்கள் ஒரு கணக்கைப் போடாமல் பிளக்கைச் செருகக் கூடாது. சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் திரும்பு பம்ப் நின்றதும், அதன் திரும்பு குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதே குழாய் வழியே தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். வாய் 2 செ.மீ. மூழ்கியிருந்தால் 60 × 36 × 2, அதாவது 4.3 லிட்டர். 10 செ.மீ. மூழ்கியிருந்தால் 21.6 லிட்டர், அது நேராகத் தரைக்குத்தான். குழாயில் நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் இறங்கியதும் அதன் வழியே காற்று புகுந்து இறக்கத்தை நிறுத்தும். அந்தத் துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுங்கள். பிறகு பக்கத்தில் நின்றபடி பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். தண்ணீர் இறங்கி நின்ற பிறகும் சம்பின் விளிம்புக்கு 3 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும்.

திரும்பு பம்பின் பெட்டியில் 1,200 லிட்டர் என்றிருந்தாலும் ஒரு மீட்டர் உயரம் ஏற்றும்போது அதில் பாதிகூட வராமல் போகலாம். குழாய் வாயை 5 லிட்டர் வாளியில் பிடித்து நேரம் பாருங்கள்: 30 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 600 லிட்டர். சம்ப் வழியே தொட்டி அளவின் 3 முதல் 5 மடங்கு, அதாவது 180 முதல் 300 லிட்டர் போனாலே தாராளம்; மீதி ஓட்டத்தைப் பவர்ஹெட்கள் பார்த்துக்கொள்ளும்.

ஆவியாகிக் குறையும் தண்ணீர் முழுவதும் திரும்பு பம்ப் அறையில்தான் தெரியும். அங்கே மட்டம் இறங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சி, தொட்டி முழுக்கப் பால் போல நுண்குமிழி பறக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் ஈடுகட்ட ஊற்றுவது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் தானே தண்ணீர் விடும் தானியங்கி மிதவை வைத்தால், அதற்குத் தண்ணீர் தரும் பாத்திரத்தைச் சின்னதாக வையுங்கள். மிதவை சிக்கி 5 லிட்டர் முழுதும் கொட்டினால் உப்பு 35 பிபிடியிலிருந்து (ஆயிரத்தில் 35 பங்கு) 32.3-க்கு இறங்கும், பிழைத்துக்கொள்ளலாம். 20 லிட்டர் கொட்டினால் 26-க்கு வந்துவிடும். பவளமும் இறாலும் தாங்காது.

வாராந்திர வேலை

வரிசை முக்கியம். முதலில் பம்புகள் ஓடும்போதே பெரிய பிப்பெட்டால் கல்லிடுக்குகளில் தண்ணீரை அடியுங்கள். பழுப்பு மேகம் கிளம்பும். 45 நிமிடம் விடுங்கள், பஞ்சு அதைப் பிடிக்கட்டும். பிறகு பம்புகளை அணைத்து, மணல்மேல் எஞ்சியதைக் குழாயால் உறிஞ்சியபடி 6 லிட்டர் வெளியே எடுங்கள். அதன் பிறகுதான் பஞ்சு மாற்றுவது. முதலில் மாற்றினால் புதுப் பஞ்சு அன்றே நிறைந்துவிடும். புதுத் தண்ணீரை முந்தின நாளே ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து சின்னப் பம்பால் சுற்றவிட்டு, அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்து, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி பார்த்து ஊற்றுங்கள். 6 லிட்டருக்கு ஏறக்குறைய 220 கிராம் உப்புக்கலவை பிடிக்கும்.

3 மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் படிந்த சுண்ணாம்பு கரைந்து பழைய வேகம் திரும்பும். அதன் பீங்கான் தண்டு மெலிதாக இருக்கும், வளைத்தால் ஒடியும். ஒயர்கள் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறும்படி இருக்கட்டும், வழியும் உப்புநீர் பிளக்குக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரம் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றைத் தொட்டி அருகிலேயே வைத்திருங்கள், உணவு போடாதீர்கள். கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால் மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடக் கூடாது. மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை வாடையுள்ள தண்ணீர் தொட்டிக்குள் பாயும். அதைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி, தொட்டித் தண்ணீரையே நிரப்பிப் பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.