லைக்கனில் மரபு வேறுபாடு பார்க்க: ஏற்காட்டில் மாதிரி எடுக்கும் முறை

பூஞ்சையும் பாசியும் கூட்டாக ஓர் உடலாக வாழ்வதுதான் லைக்கன். ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் ஒரே சில்வர் ஓக் மரத்திலிருந்து லைக்கனைப் பத்துத் துண்டு உரித்து வந்தால், அவை ஒரே உயிரின் பத்து நகல்களாகவும் இருக்கலாம். அந்த லைக்கன் எப்படிப் பரவுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

10 மடங்கு கைலென்ஸில் மேற்பரப்பைப் பாருங்கள். விளிம்பில் மாவு தூவியதுபோல் இருந்தால் அது சொரீடியா: சில பாசி செல்களைப் பூஞ்சை இழைகள் சுற்றிய துகள். விரலில் ஒட்டும். தோலோடு கூடிய நுண்ணிய குச்சிகளாக நீட்டிக்கொண்டிருந்தால் இசிடியா. இரண்டிலும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்தே போகின்றன. பக்கத்து மாதிரிகள் நகலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பழுப்புக் கிண்ணங்கள் இருந்தால் அவை அப்போதீசியம், அதாவது பூஞ்சை வித்து உண்டாக்கும் உறுப்பு. அங்கே பூஞ்சை மட்டுமே பாலினப் பெருக்கம் செய்கிறது. கிண்ணத்துக்குள் இருக்கும் நுண்ணிய வித்துப்பை ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 8 வித்துகள். விழுந்த இடத்தில் வித்து தனக்கொரு பாசியைத் தேடிக்கொள்ள வேண்டும். பாசியோ உள்ளே பெரும்பாலும் பாலிலா முறையில்தான் பெருகுகிறது.

கிண்ணம் இருப்பதாலேயே வேறுபாடு அதிகம் என்று எழுதிவிடாதீர்கள். தன்னோடு தானே கருவுறும் பூஞ்சைகளும் உண்டு. அவற்றின் வித்துகள் எல்லாம் ஒரே அச்சு.

பரப்பளவில் வேறுபாடு பார்க்க, மரத்துக்கு ஒரு மாதிரி போதும். நகல் பரவலைப் பார்க்கத்தான் ஒரே மரத்தில் பல இடங்களில் எடுக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த காபித் தண்டையும் போர்டோ கலவை (செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) தெளித்த மரத்தையும் தவிர்த்துவிடுங்கள். செம்பு இரு கூட்டாளிகளுக்கும் ஆகாது. தோட்டத்தில் உரிமையாளரிடமும், காப்புக்காட்டில் வனத்துறையிடமும் முதலில் அனுமதி வாங்குங்கள். மளிகைக் கடைக் கல்பாசியும் லைக்கன்தான், ஆனால் இந்த வேலைக்கு உதவாது: பல இனங்கள் கலந்திருக்கும், எந்த மலையில் எடுத்தது என்றும் தெரியாது.

கட்டைவிரல் நகம் அளவு போதும், முழுவதையும் உரிக்காதீர்கள். காகித உறையில் போட்டு இடம், உயரம், மரம் குறித்து நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு வைத்தால் பூசணம் பிடிக்கும்.

வித்து பிடிக்க, புதிய கிண்ணங்களைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மேலே நீர்ப்படலம் நிற்காதபடி ஒற்றி எடுங்கள். பெட்ரி தட்டின் மூடியில் வாசலைனால் அடிப்பக்கத்தை ஒட்டுங்கள். வாசலைன் கிண்ணத்தின் முகத்தில் பட்டால் வித்து வெளிவராது. கிண்ணங்களின் முகம் மேல்நோக்கி இருக்க, 2% வெறும் அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி) ஊற்றிய தட்டை அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். வித்துகள் மேல்நோக்கிச் சிதறி அகரில் ஒட்டும், தூசி ஏறாது. மறுநாள் நுண்ணோக்கியில் 100 மடங்கில் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் கிண்ணம் முற்றிப்போனது, அல்லது மாதிரி நெடுநாள் உலர்ந்து கிடந்தது. இரண்டு மூன்று நாளில் பஞ்சுபோல் படர்வது வேறு பூசணம். லைக்கன் பூஞ்சை அவ்வளவு வேகமாக வளராது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பாசியை அறிய ஒரு சின்ன வழி: பட்டையோடு ஒட்டிய மேலோட்டு வகையை நகத்தால் கீறினால் சிலவற்றில் மஞ்சள் ஆரஞ்சு தெரியும். அது டிரென்டிபோலியா என்ற பாசி. இலை வடிவப் பார்மோட்ரீமாவில் பச்சை டிரெபூக்சியா. நனைந்தால் கருப்பு ஜெல்லியாக ஊதும் லெப்டோஜியத்தில் இருப்பது நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசி.

டி.என்.ஏ.வுக்குக் கிண்ணமில்லாத மடல் நுனியை எடுங்கள். கிண்ணத்தில் கலந்து பிறந்த வித்துகளின் மரபு தாய் உடலின் மரபோடு குழம்பிவிடும். மேலே ஒட்டிய பாசி, தூசி போகத் தூரிகையால் துடைத்து, 10 முதல் 20 மில்லிகிராம் உலர் துண்டை அசிட்டோனில் இரண்டு முறை அலசிச் சிடாப் (CTAB என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தும்) முறையில் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுங்கள். லைக்கன் அமிலங்களும் பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருள்களும் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். சாற்றை 10 மடங்கு நீர்த்தால் பல நேரம் சரியாகும்.

பிசிஆரில் பெருக்குவது ஐடிஎஸ் என்ற டி.என்.ஏ. பகுதி. அதைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்தான் ப்ரைமர்கள். பூஞ்சைக்கு ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4. டிரெபூக்சியாவுக்கு ஐடிஎஸ்1டி, ஐடிஎஸ்4டி ப்ரைமர்கள். முதல் ஜோடி உள்ளே ஒளிந்திருக்கும் வேறு பூஞ்சைகளையும் பெருக்கும் என்பதால், வரிசையை இனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாசி வரிசையில் ஒரே இடத்தில் இரட்டை உச்சிகள் வந்தால், ரீடிங் தவறு என்று தூக்கிப்போடாதீர்கள். ஒரே உடலில் இரண்டு பாசி இருக்கலாம், பெருக்கிய டி.என்.ஏ.வை பாக்டீரியாவில் குளோன் செய்து தனித்தனியாகப் பாருங்கள். நகலா இல்லையா என்பதை ஐடிஎஸ் மட்டும் சொல்லாது. அதற்கு மைக்ரோசாட்டிலைட் (திரும்பத் திரும்ப வரும் குறு டி.என்.ஏ. தொடர்கள்) வேண்டும்.